இனமில்லாத அடைமொழி

ருஷ்ய நாட்டுப்புறக் கதைகளில் கடல் என்றால் நீலக்கடல்தான். ஓநாய் என்றால் சாம்பல் ஓநாய்தான். வெளி 'தூய வெளி', இளைஞன் 'நல்ல இளைஞன்', மணப்பருவத்துப் பெண் 'சிவந்த பெண்'. புயல் புரட்டிப்போடும் இருண்ட இரவிலும் அந்தக் கடலின் நீலம் மங்குவதில்லை. ஓநாய் சொன்ன எச்சரிக்கையை மீறித் தங்கக் கூண்டைத் தொட்டுக் காவலரிடம் அகப்படும்போதும் இளைஞனுக்குரிய 'நல்ல' என்ற சொல் பறிபோவதில்லை. அலெக்சாந்தர் அஃபனாசியெவ் 1855க்கும் 1863க்கும் இடையில் பகுதி பகுதியாக வெளியிட்ட பெருந்தொகுப்பிலிருந்து இக்கதைகளுள் பல குழந்தைகளுக்கான படநூல்களுக்குச் சென்று சேர்ந்தன. சூழலுக்கேற்ப மாறாமல் ஒரு பெயரோடு எப்போதும் உடன்வரும் இத்தகைய அடைமொழியை 'நிலையடை' எனலாம். 1895இல் அடைமொழியின் வரலாற்றை ஆராய்ந்து எழுதிய அலெக்சாந்தர் வெசலோவ்ஸ்கி, காலப்போக்கில் இவை பொருளை இழந்து இறுகிவிடுவதையும் எடுத்துக்காட்டினார். ருஷ்ய வீரகதைப் பாடல்களில் பகையரசனான கலின் 'நாய்' என்ற அடைமொழியோடுதான் வருவான். அவனுடைய சொந்தத் தூதனே ருஷ்ய அவையில் வந்து நின்று தன் அரசனை அந்த அடைமொழியோடு குறிப்பிடுவதை எந்தப் பாடகரும் பிழையாகக் கருதியதில்லை.

இத்தொடர்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுசெல்வோர்க்கு ஏற்படும் இடர்ப்பாடு வெளித்தோற்றத்துக்குச் சிறியது. சாம்பல் ஓநாய் எளிதாகக் கடந்துவிடுகிறது. 'தூய வெளி' திறந்த வெளியாகிவிடுகிறது. 'சிவந்த பெண்'தான் நிற்க இடமில்லாமல் தவிக்கிறாள். 'க்ராஸ்னி' என்ற ருஷ்யச் சொல் இன்று செந்நிறத்தைக் குறித்தாலும், பழைய வழக்கில் அழகையும் சிறப்பையும் குறித்தது. மாஸ்கோவின் செஞ்சதுக்கம் பெயர்பெற்றதும் அந்தப் பழைய பொருளில்தான். ஆங்கிலத்தில் நிறத்தை வைத்தால் அழகு போய்விடுகிறது. அழகை வைத்தால் நிறம் போய்விடுகிறது. இரண்டையும் வைக்க முயன்றால் அடிக்குறிப்பு வந்து சேர்கிறது, அடிக்குறிப்பைப் படிக்கும் பிள்ளையோ உலகில் எங்கும் இல்லை. ஆகவே ஆங்கிலச் சிறுவர் நூல்கள் பெரும்பாலும் அழகைக் காட்டும் சொல்லையே தேர்ந்தன. சில இடங்களில், எதையும் புதிதாகச் சொல்லாத சொல் என்று கருதி, அடைமொழியையே விட்டுவிட்டதும் உண்டு.

எதையும் புதிதாகச் சொல்லாத சொல்லுக்கு ஒரு வாக்கியத்தில் என்ன வேலை என்ற கேள்வி மொழிபெயர்ப்பாளரின் தொழிற்சிக்கலாகத் தொடங்கினாலும் அங்கேயே நின்றுவிடுவதில்லை. கடவுளைப் பற்றிப் பேசும்போது மனிதர் பயன்படுத்தும் எல்லா அடைமொழிகளுக்கும் அது பொருந்தும். நெடுங்காலத்துக்கு முன்பே இக்கேள்வியை இலக்கணமாகவும் சமயத் தத்துவமாகவும் எண்ணிப் பார்த்தவர்கள் பலர் தாமிரபரணி என்னும் பொருநையாற்றின் கரையில் வாழ்ந்தார்கள் என்பதால், ருஷ்யக் கதையின் நீலக்கடலைப் புரிந்துகொள்வதற்கு அந்தக் கரை வழியாகச் செல்வது சுற்றுவழி ஆகாது.

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கம் என்ற இயலில், அடைமொழி பற்றிய ஒரு விதி இருக்கிறது. ஒரு பொருளுக்குப் பண்பைச் சேர்த்துச் சொல்வது அதே இனத்தைச் சேர்ந்த வேறொன்றிலிருந்து அதைப் பிரித்துக்காட்டுவதற்காக. 'செந்தாமரை' என்றால் வெண்டாமரை அன்று என்பது பெறப்படும். இவ்வாறு இனத்தைச் சுட்டிப் பிரிப்பதை 'இனச்சுட்டு' என்பர். அப்படியானால் 'செஞ்ஞாயிறு' என்பது எதிலிருந்து எதைப் பிரிக்கிறது? கருஞாயிறு என்று ஒன்று இல்லையே. இவ்வாறு இனத்தைச் சுட்டாத அடைமொழி மக்கள் பேசும் வழக்கில் வராது, செய்யுளில் மட்டுமே வரும் என்பது தொல்காப்பியரின் தீர்ப்பு. செஞ்ஞாயிறும் வெண்திங்களும் இவ்விதிக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். சொல்லதிகாரத்துக்கு மட்டும் உரை எழுதி, அந்த ஒன்றினாலேயே தமிழ் இலக்கண உலகில் நிலைத்த சேனாவரையர், தாமிரபரணி கடலோடு கலப்பதற்குச் சற்று முன்னே இருக்கும் ஆற்றூரைச் சேர்ந்தவர் என்பது பெரும்பான்மையான அறிஞர்களின் கருத்து. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் அவர், ஒவ்வொரு விதியையும் தருக்க நூலாரின் கண்டிப்போடு கடாவியும் விடுத்தும் எழுதியவர். கடா என்பது வினா, விடை என்பது அதன் தீர்வு.

பிற்கால நன்னூல் இந்தக் கண்டிப்பைத் தளர்த்தியது. இனமுள்ள அடை, இனமில்லாத அடை ஆகிய இரண்டும் வழக்கு, செய்யுள் ஆகிய இரண்டிலும் வரும் என்று பவணந்தியார் வகுத்தார். வழக்கில் வரும் இனமில்லாத அடைக்கு உரைகள் தரும் சான்று 'உப்பளம்'. உப்பு விளையாத அளம் ஏதும் இல்லாதபோதும் உப்பளம் என்றே மக்கள் சொல்கிறார்கள். தூத்துக்குடிச் சாலையில் போகும் எவருக்கும் இந்தச் சான்று கண்முன்னே வெள்ளையாக விரிந்து கிடக்கும். நன்னூலுக்கு விருத்தியுரை கண்ட சங்கரநமச்சிவாயர் திருநெல்வேலிக்காரர். அவ்வுரையைத் திருத்தி விரித்த சிவஞான முனிவரோ பொருநை மலையிறங்கும் பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். 1785இல் மறைந்த முனிவர் இலக்கணத்தோடு நிற்கவில்லை. சிவஞானபோதத்துக்கு மாபாடியம் எழுதிச் சைவ சித்தாந்தத்தின் தலையாய உரையாசிரியராகவும் விளங்கினார். அடைமொழியை ஆராய்ந்த அதே அறிவு இறைவனின் குணங்களையும் ஆராய்ந்தது தற்செயல் அன்று. ஒப்பும் உயர்வும் இல்லாத ஒருவனுக்கு எட்டுக் குணங்கள் உண்டென்று சைவம் சொல்லும்போது, அந்த எட்டும் அவனை எந்த இனத்திலிருந்து பிரிக்கின்றன என்ற கேள்வி உடனே எழுந்துவிடுகிறது.

இதே கேள்வியை வேதாந்திகள் வேறு மொழியில், வியக்கத்தக்க வகையில் இதே எடுத்துக்காட்டோடு எழுப்பினார்கள். தைத்திரீய உபநிடதம் பிரம்மத்தை உண்மை, அறிவு, முடிவின்மை என்ற மூன்று சொற்களால் குறிக்கிறது. இவ்விடத்துக்கு உரை எழுதிய சங்கரர், விசேஷணம் என்னும் அடைமொழிக்குப் பயன் இருக்கவேண்டுமானால் அதே இனத்தில் வேறொன்று இருக்கவேண்டும் என்ற தடையை முதலில் முன்வைக்கிறார். நீலத் தாமரை என்பதற்குப் பயன் உண்டு, ஏனெனில் சிவந்த தாமரையும் உண்டு. வானில் ஞாயிறு ஒன்றே இருக்கும்போது அதற்கு அடைமொழி எதற்கு, ஒன்றேயான பிரம்மத்துக்கு எதற்கு என்பது தடை. ஆற்றூர் உரையாசிரியரும் காலடியில் பிறந்த துறவியும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்கத்தோடு, ஒரே ஞாயிற்றைச் சுட்டுகிறார்கள். சங்கரரின் விடை, இச்சொற்கள் அடைமொழிகளே அல்ல, இலக்கணங்கள் என்பது. இலக்கணம் என்றால் இங்கே ஒன்றைத் தன்னினத்திலிருந்து மட்டும் அன்றி மற்ற எல்லாவற்றிலிருந்தும் விலக்கிக் காட்டும் வரையறை. 'உண்மை' என்ற சொல் பொய்யானதை விலக்குகிறது, 'அறிவு' சடத்தை விலக்குகிறது, 'முடிவின்மை' எல்லையுள்ளதை விலக்குகிறது. விலக்கி முடிந்தபின் எஞ்சுவதைச் சொல் தொடுவதில்லை.

இராமானுசர் இதை ஏற்கவில்லை. வெவ்வேறு காரணம் பற்றி வழங்கும் பல சொற்கள் ஒரே பொருளில் சென்று முடிவதைச் சாமானாதிகரண்யம் என்பர். அவர் கருத்துப்படி, பிரம்மத்துக்குச் சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லும் அதில் மெய்யாகவே உள்ள ஒரு குணத்தைக் காட்டுகிறது. ஒன்றை விலக்குவதற்கும்கூட, விலக்கப்படுவதற்கு மாறான ஒரு குணம் அங்கே இருந்தாகவேண்டும். குணமே இல்லாத இடத்தில் விலக்கலும் நடவாது. அவருடைய கொள்கைக்கு வழங்கும் 'விசிஷ்டாத்வைதம்' என்ற பெயரே அடைகொண்ட ஒருமை என்று பொருள்படுவது. தத்துவ வழக்கில் யார் வென்றார் என்பது இங்குத் தீர்க்கக்கூடியது அன்று. மொழியின் நடைமுறையை மட்டும் பார்த்தால் இராமானுசரின் பக்கமே வலுவானது எனத் தோன்றுகிறது. செஞ்ஞாயிறு என்று சொல்பவர் கருஞாயிற்றை விலக்கவில்லை; ஞாயிற்றின் செம்மையைக் காண்கிறார்.

குருகூர் என்னும் ஆழ்வார்திருநகரியில் தோன்றிய நம்மாழ்வாரின் திருவாய்மொழி ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்ட பாசுரங்களில் திருமாலின் கண்ணையும் கையையும் வாயையும் செம்மை நிறத்தோடு திரும்பத் திரும்ப விளிக்கிறது. செய்தி என்ற அளவில் முதல் சில இடங்களிலேயே அது முடிந்துவிட்டது. ஆயினும் நம்பிள்ளை திருவரங்கத்தில் சொன்ன விளக்கங்களைக் கொண்டு வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிய ஈடு முப்பத்தாறாயிரப்படி, ஓர் அடைமொழி மறுபடி வரும்போதெல்லாம் அது அந்த இடத்தில் ஏன் வந்தது என்று கேட்டு, ஆழ்வாரின் அப்போதைய மனநிலையிலிருந்து ஒரு காரணத்தைக் கண்டு சொல்கிறது. எந்தச் சொல்லும் சும்மா வராது என்பது அந்த உரைமரபின் பிடிவாதம். சில இடங்களில் அது வலிந்து பொருள்கொள்வதாகத் தோன்றலாம். ஆனால் திரும்ப வரும் அடைமொழியைச் செய்தியாகக் கருதி ஒதுக்காமல், பேசுகிறவருக்கும் பேசப்படுபவருக்கும் இடையிலுள்ள உறவாகக் கருதவேண்டும் என்பதை அம்மரபைப் போல் விடாமல் செய்துகாட்டியது வேறில்லை.

இதிலிருந்து தொல்காப்பியரின் பிரிவினையைச் சற்றே திருப்பிப் படிக்கலாம். இனமில்லாத அடை செய்யுளுக்கு உரியது என்று அவர் சொன்னதற்கு யாப்பின் தேவை மட்டும் காரணமாக இருக்கமுடியாது. 1928இல் ஹோமரின் அடைமொழிகளை ஆராய்ந்த மில்மன் பாரி, உட்கார்ந்திருக்கும் அக்கிலிஸையும் விரைந்த காலினன் என்று கவிஞர் சொல்வது அடியை நிரப்பும் வசதிக்காக என்று காட்டினார். அவர் கூறியது கிரேக்கக் காப்பியத்துக்குச் சரி. ருஷ்யக் குழந்தைக் கதையோ உரைநடை. அங்கே நிரப்புவதற்கு அடியே இல்லை, இருந்தும் கடல் நீலமாகவே இருக்கிறது. ஆகவே வழக்கையும் செய்யுளையும் பிரிக்கும் கோடு யாப்பில் இல்லை என்றும், பொருளைக் கேட்பவர் முன்பே அறிந்திருக்கிறாரா என்பதில் இருக்கிறது என்றும் கொள்ளலாம். அறியாதவருக்குச் சொல்லும்போது அடைமொழி பிரித்துக்காட்டும். அறிந்தவர்கள் கூடியிருந்து பேசும்போது அது போற்றும், அல்லது கலினுக்கு நேர்ந்ததைப் போலப் பழிக்கும். ஓநாயை நூறு முறை கேட்ட பிள்ளைக்கும், திருமாலை நாள்தோறும் சேவிக்கும் அடியாருக்கும் 'சாம்பல்', 'செம்மை' ஆகிய சொற்கள் தெரிந்த ஒன்று மீண்டும் வந்துவிட்டதன் அடையாளங்கள்.

மொழிபெயர்ப்பின் இடர்ப்பாடும் இங்கேதான் பிறக்கிறது. மொழியைக் கடக்கும்போது சொல் மட்டும் மாறுவதில்லை, கேட்பவரும் மாறிவிடுகிறார். அறிந்தவர்களுக்குப் போற்றியாக இருந்த தொடர், அறியாதவர் காதில் செய்தியாக விழுகிறது. செய்தியாக விழுந்ததும் அது தேவையற்றதாகவோ விந்தையாகவோ தெரிகிறது. 1916இல் ருஷ்யக் கதைகளை ஆங்கிலப் பிள்ளைகளுக்காகத் திருப்பிச் சொன்ன ஆர்தர் ரான்சம், காட்டுக் குடிலில் வாழும் பீட்டர் என்ற கிழவர் தம் பேரப்பிள்ளைகளான வான்யாவுக்கும் மாருஸ்யாவுக்கும் சொல்வதாக அவற்றை அமைத்தார். ஏற்கெனவே கதைகளை அறிந்த இரண்டு பிள்ளைகளை அடுப்பருகே உட்காரவைத்துவிட்டதால், அறியாத ஆங்கிலப் பிள்ளை அவர்கள் அருகில் அமர்ந்து கேட்கமுடிந்தது. சொல்லுக்குச் சொல் தேடியவர்களைவிட இவர் சிக்கலை நன்றாகப் புரிந்துகொண்டவர்.

திருநெல்வேலியில் இதே சிக்கல் வேதாகம மொழிபெயர்ப்பில் கடுமையாக வெளிப்பட்டது. பிரஷ்யாவில் பிறந்து 1814இல் சென்னைக்கு வந்து, 1820 முதல் 1838இல் இறக்கும்வரை பாளையங்கோட்டையை மையமாகக் கொண்டு உழைத்த ரேனியுஸ், திருப்பாற்கடல்நாதன் கவிராயர் என்ற நெல்லைப் புலவரிடம் தமிழ் பயின்றவர். 1827இல் நாகர்கோவில் அச்சகத்தில் அவர் வெளியிட்ட சிறு நூல், வேதாகமத்தை மொழிபெயர்ப்பதற்கான நெறிகளைத் தமிழை முன்வைத்து ஆராய்ந்தது. மூலத்தின் சொல்லமைப்பை அப்படியே பெயர்த்தால் தமிழர் பேசாத ஒரு தமிழ் உருவாகும். கருத்தை உணர்ந்து தமிழின் மரபுப்படி சொல்வதே உண்மையான நேர்மை என்பது அவர் நிலை. அவருக்கு முன் தமிழ்க் கிறித்தவர்களுக்குப் பழகியிருந்தது பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பு. அதன் புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. மூலத்தை நெருங்கித் தொடரும் அதன் நடை தமிழ்ச் செவிக்குப் பல இடங்களில் கரடுமுரடானது. ஆனால் அதிலேயே செபித்து வளர்ந்த லுத்தரன் சபைகள், 1871இல் ஹென்றி பவரின் தலைமையில் ஐக்கிய மொழிபெயர்ப்பு வந்த பின்னும் நெடுங்காலம் அதை விடவில்லை.

இந்த வழக்கை நேர்மொழிபெயர்ப்புக்கும் கருத்து மொழிபெயர்ப்புக்கும் இடையிலான சண்டை என்று சொல்லி முடிப்பது வழக்கம். அது பாதி உண்மை. ரேனியுஸ் தம் முன்னே கண்டது புதிதாகத் திருச்சபைக்கு வந்த நெல்லைச் சிற்றூர்களின் மக்களை; வேதாகமத்தின் ஒவ்வொரு தொடரும் அவர்களுக்குச் செய்தியாக இருந்தது, ஆகவே அது தெளிவாக இருந்தே தீரவேண்டும் என்று அவர் கருதியது முற்றிலும் நியாயம். பப்ரிசியுஸை விடமறுத்த சபையோர்க்கு அந்தத் தொடர்கள் செய்தியாக இருந்த காலம் எப்போதோ முடிந்துவிட்டது. கேட்பவர் வேறானதால் இருதரப்பும் அடைமொழிக்கு வெவ்வேறு வேலை கொடுத்தார்கள்.

கடவுளைக் குறிக்கும் பெயரிலும் இதைக் காணலாம். பப்ரிசியுஸ் பயன்படுத்திய 'பராபரன்' இனமற்ற பெயர். அதற்கு முன் எந்த அடைமொழி சேர்ந்தாலும் அது செஞ்ஞாயிற்றைப் போல் போற்றியாகவே ஒலிக்கும். ஐக்கிய மொழிபெயர்ப்பு ஏற்ற 'தேவன்' என்பதோ தேவர்கள் பலர் உள்ள நாட்டில் இனப்பெயர். 'மெய்யான' என்ற சொல் அதற்கு முன் வந்தவுடன் மற்றவர் பொய்யர் என்ற இனச்சுட்டு, மொழிபெயர்த்தவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், உள்ளே நுழைந்துவிடுகிறது. துதியாக இருந்த தொடர் வாதமாகிவிடுகிறது. பிற்காலத்து மொழிபெயர்ப்புகள் 'கடவுள்' என்ற பொதுச்சொல்லுக்குச் சென்றதில் இந்த உரசல் ஓரளவு குறைந்தது.

ருஷ்ய இலக்கியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்ததிலும் நெல்லைக்குப் பங்கு உண்டு. திருநெல்வேலியில் 1923இல் பிறந்த தொ.மு.சி. ரகுநாதன் கார்க்கியின் 'தாய்' நாவலை ஆங்கில வழியாகத் தமிழாக்கினார். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும், 1982க்குப்பின் ராதுகா பதிப்பகமும் அச்சிட்ட தமிழ்ச் சிறுவர் நூல்கள் நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியாகத் தமிழ்நாடெங்கும் மலிவு விலையில் பரவின. ஆங்கிலம் இடையில் நிற்கும்போது நேரும் இழப்பைச் 'சிவந்த பெண்' தெளிவாகக் காட்டுவாள். ஆங்கிலத்தில் நிறம் உதிர்ந்து வெறும் அழகியாகிவிட்டவள் தமிழிலும் 'அழகிய பெண்'ணாகத்தான் வந்து சேர்வாள். ஆனால் ருஷ்யத்திலிருந்து நேரே வந்திருந்தால் தமிழ் அவளை எளிதாக ஏற்றிருக்கும். செம்மை என்ற ஒரே சொல்லில் நிறமும் அழகும் நேர்மையும் சேர்ந்தே இருக்கின்றன. செந்தமிழ் சிவப்பானது அன்று. திருமகளைச் செந்திரு என்றும், திருச்செந்தூரில் கோயில்கொண்டவனைச் சேயோன் என்றும் சொல்லும் மொழிக்கு, சிவந்த பெண் யாரென்று விளக்க அடிக்குறிப்புத் தேவைப்படாது.

நீலக்கடலில் தமிழுக்கு இந்த வசதி இல்லை. தமிழ்ச் செய்யுளின் கடல் பெரும்பாலும் கருங்கடல். கருமையும் பெருமையும் கலந்த அந்த அடை, ருஷ்யக் கதைசொல்லியின் நீலத்துக்கு ஒத்த இனமில்லாத அடையாகவே பல நூற்றாண்டுகள் வழங்கியது. நிறம் மாறினாலும் வேலை ஒன்றே என்பதால் நீலக்கடலைக் கருங்கடல் என்று பெயர்ப்பதே கதையின் இயல்புக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். ஆயினும் பள்ளிக்கூடப் புவியியல் நூல்கள் அச்சொல்லை ருஷ்யாவுக்கும் துருக்கிக்கும் இடையில் கிடக்கும் ஒரு கடலுக்குத் தனிப்பெயராக்கிவிட்டன. இன்று ஒரு மொழிபெயர்ப்பாளர் ருஷ்யக் கதையில் கருங்கடல் என்று எழுதினால், தமிழ்ப் பிள்ளை அதை வரைபடத்தில் தேடும்.